செபம் வேண்டாத கல்லறைகள்

பழவேற்காட்டில் நவம்பர் 2 நெருங்கினால் ஆயாவின் கை ஓயாது. முதல் நாளே தாத்தாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாக வேண்டும். சாமந்தி, மெழுகுவத்திக் கட்டு, ஊதுபத்தி, தாத்தாவுக்குப் பிடித்த பொரி உருண்டை எல்லாம் பனையோலைக் கூடையில் ஏறும். கல்லறைத் திருநாள் அன்று சாமியார் தீர்த்தம் தெளித்துப் போனதும் தோட்டம் முழுக்க வெளிச்சம். ஆயா செபமாலையை உருட்டிக்கொண்டே, "உத்தரிக்கிற ஸ்தலத்துல அந்த மனுசன் இன்னும் எத்தினி நாள் கெடக்கணுமோ" என்று மூக்கைச் சிந்துவாள். தாத்தா குடித்த கள்ளுக்கு அது நியாயமான கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

அன்றைக்கும் டச்சுக்காரர் கல்லறை மட்டும் இருண்டு கிடக்கும்.

"ஏன் ஆயா, அவங்களுக்கு யாரும் வத்தி ஏத்த மாட்டாங்களா?"

"அவங்க வேதம் வேற கண்ணு. செத்தவங்களுக்காகச் செபிக்கக் கூடாதுன்ற வேதம். நீ ஏத்தினா கோவிச்சுக்குவாங்க."

ஆயா பள்ளிக்கூடப் படி ஏறாதவள். ஆனால் அவள் சொன்னது சரி. டச்சு சீர்திருத்தச் சபையார் சமயச் சீர்திருத்தவாதி கால்வின் வழிவந்தவர்கள். பாவக் கடன் தீரும்வரை ஆன்மா காத்துக்கிடக்கும் உத்தரிக்கிற ஸ்தலமே கிடையாது என்பது அவர்கள் கொள்கை. உயிர் போன நொடியில் கடவுள் தீர்ப்பு முடிந்தது. பூசை, மெழுகுவத்தி, மன்றாட்டு எதுவும் அதை மாற்றாது. அடக்கத்தின்போது பிரசங்கம் வைக்கும் வழக்கம் இல்லாத இடத்தில் அதைப் புதிதாகத் தொடங்காதே, இருக்கும் இடத்தில் மெல்ல ஒழி என்று 1619-இல் டோர்ட் நகரத்துச் சபைச் சட்டம் சொன்னது. 1564-இல் இறந்த கால்வினோ தன் விருப்பப்படியே ஜெனீவாவில் அடையாளக் கல்கூட இல்லாமல் புதைக்கப்பட்டார்.

அப்படிப்பட்டவரின் சீடர்கள் எங்கள் ஊரில் விட்டுப்போன கற்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

டச்சுக் கல்லறை வாசலிலேயே கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். பொழுது சாய்ந்தால் அந்தப் பக்கம் போக எங்களுக்கு உதறல். பகலில் மட்டும் அது எங்கள் ராஜ்ஜியம். கூம்பு மாடம், கமான் வைத்த செங்கல் மண்டபம், தரையோடு தரையாகப் படுத்த பெரிய பலகைக் கற்கள். வெயில் ஏறாத காலையில் அந்தக் கல்லில் படுத்தால் முதுகு சில்லென்றிருக்கும். எழுத்தைத் தோண்டாமல், சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து எழுத்தை மேலே நிறுத்தியிருந்தார்கள். கண்ணை மூடி விரலால் தடவி எந்த எழுத்து என்று சொல்வது எங்கள் பந்தயம். காகிதத்தை விரித்துப் பென்சிலைத் தேய்த்தால் எழுத்துகள் மட்டும் கறுப்பாக எழும்பி வரும். அங்கே செதுக்கியிருந்த மணற்கடிகாரத்துக்கு ஊர்ப் பையன்கள் வைத்த பெயர் உடுக்கை. மண்டையோட்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இது சுடுகாட்டுச் சாமி கோயில் என்று ஒருவன் சத்தியமே செய்தான். வாழ்நாள் மணலாய்ச் சரிகிறது, நாளைக்கு நீயும் இப்படித்தான் என்று பார்க்கிறவனுக்குச் சொல்லும் சின்னங்கள் அவை. இறந்தவனுக்காக மன்றாட வழியில்லாத சமயத்தில், கல் பேச வேண்டிய ஆள் உயிரோடிருப்பவன்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால் சரி. மண்டையோடு பணிவைச் சொல்ல, பக்கத்திலேயே கேடயமும் தலைக்கவசமும் இறகுமாகக் குடும்பச் சின்னம் ஜம்பம் அடிக்கும். பிரபுக்களாக இருப்பார்கள் என்று வெகுநாள் எண்ணியிருந்தேன். பலர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிச் சம்பளத்துக்கு வந்த வியாபாரிகள். ஹாலந்தில் சாதாரணக் குடும்பமும் தனக்கென ஒரு சின்னம் வரைந்துகொள்ளத் தடையில்லை. கல்லில் பேர், பிறந்த ஊர், கம்பெனி உத்தியோகம். கீழ்வணிகரா மேல்வணிகரா என்பது செத்த பிறகும் முக்கியம். மனைவியின் கல்லிலும் புருஷனின் பதவி ஏறிவிடும். டச்சுக் கற்களில் வயதை வருஷம், மாதம், நாள் என்று பிரித்து எழுதும் வழக்கம் உண்டு. வரவு செலவு எழுதிப் பழகிய கை! ஆனால் குழந்தைகளின் கல்லில் அந்தக் கணக்கைப் பார்க்கும்போது கிண்டல் வராது.

அலெக்சாண்டர் ரே என்பவர் சென்னை மாகாணத்து டச்சுச் சின்னங்களைப் பற்றி 1897-இல் ஒரு புத்தகம் போட்டார். பழவேற்காடு, சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம் கல்லறைகளெல்லாம் அதில் உண்டு. பெரியவனான பிறகு அதைப் புரட்டியபோது என் விரல் அறிந்த எழுத்துகளுக்கு முதன்முறையாகப் பொருள் கிடைத்தது.

1613-இல் எங்கள் ஊரில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்கள், 1690-இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள்; 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கோட்டை இன்று முள்ளும் மண்மேடும். கல்லறைதான் தொல்லியல் துறையின் காவலில் தப்பி நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் எலும்புக்கூட்டோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.

போகட்டும். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். இங்கிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கான ஜனங்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாக இன்றைய ஜகார்த்தாவான பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள் இதே கம்பெனிக்காரர்கள். விற்றவனின் உத்தியோகம் கல்லில் இருக்கிறது. விற்கப்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை.