மூல எழுத்தும் மிகை எழுத்தும்

அரபு இலக்கணம் பயில வரும் மாணவர்க்கு ‘ஸர்ஃப்’ பாடத்தின் தொடக்கத்தில் நாம் கற்பிப்பது, ஒரு சொல்லில் மூல எழுத்துகள் எவை, மிகை எழுத்துகள் எவை எனப் பிரித்தறியும் முறையாகும். மூல எழுத்துகள் மட்டும் கொண்ட வினை ‘முஜர்ரத்’. மிகையும் சேர்ந்து வருவது ‘மஜீத்’. ‘இஸ்திக்ஃபார்’ என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல்லில் மிகையைக் களைந்தால் ஃகைன், ஃபா, ரா என்னும் மூன்று எழுத்துகள் எஞ்சும். அவற்றுள் ஒன்றை எடுத்துவிட்டாலோ, சொல்லே இல்லை! பல்லாண்டுகளாகக் கற்பித்து வரும் இப்பாடம், அண்மையில் ஒரு சைக்கிளின் பொருட்டு நமக்குப் பயன்பட்டது.

நம் இளைய மகன் எட்டுக் கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்லூரிக்குச் செல்வது பந்தய வகைச் சைக்கிளில். துபாயிலிருந்து திரும்பிய அவனுடைய மாமா வாங்கித் தந்தது. முன்னே இரண்டு பல்சக்கரங்கள், பின்னே ஏழு. ஆகப் பதினான்கு கியர். கடற்கரை ஊரின் உப்புக்காற்று அதன் மெல்லிய கம்பிகளை விட்டுவைக்குமா? துருவேறிய கியர் மாற்றி ஒருநாள் ஆரக்கம்பிகளுக்குள் சிக்கி முறிந்தது. புதிதாக மாற்றும் செலவோ, மதரஸா ஆசிரியர் ஒருவரின் இல்லத்துக்குச் சிறிதன்று.

“அத்தா, கியரையே எடுத்துவிட்டு ஒற்றைப் பல் போட்டுக்கொள்கிறேன்” என்றான். மகிழ்ந்து இசைந்தோம். நம் ஊர் சமதரை. ஏற்றமென்று ஒரு பாலம் தவிர வேறில்லை. 1903ஆம் ஆண்டு தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே கியர் மாற்றும் கருவி 1937ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை மலைகளைக் கடந்த வீரர்கள், ஏற்றம் வந்ததும் இறங்கிப் பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்துப் பல்லுக்குத் திருப்பி மாட்டிக்கொண்டார்கள். ஒரு பாலத்தைக் கடக்க இளைஞனுக்குப் பதினான்கு வேண்டுமா?

ஆயின் அவன் கருதியது அதனினும் மேலே சென்றது. பெடலும் பின்சக்கரமும் ஒன்றாய்ப் பிணைந்த ‘ஃபிக்ஸட்’ முறையை விரும்பினான். அதில் சக்கரம் சுழலுமட்டும் காலுக்கு ஓய்வில்லை; காலை எதிர்த்து அழுத்தினால் வண்டி தளரும். பந்தய அரங்குகளில் இவ்வகை வண்டிக்குப் பிரேக் கிடையாது. “காலே பிரேக், அத்தா! இரண்டையும் கழற்றிவிடலாம்” என்றான்.

கடைக்காரர் தலையசைத்தார். “ஹஜ்ரத், இது ஃப்ரீவீலுக்கு மரை வெட்டிய ஹப்பு. இதில் ஃபிக்ஸட் பல்லை முறுக்கி வைத்தால், தம்பி காலால் எதிர்த்து அழுத்தும்போது அது கழன்று சுற்றும். அதைப் பூட்ட எதிர்மரையில் ஒரு வளையம் வேண்டும். அதற்கு ஹப்பே வேறு.”

அதற்குரிய ஹப்பு கிடைத்தாலும் நம் உள்ளம் இசையாது. லண்டனில் 2016ஆம் ஆண்டு, முன் பிரேக் இல்லாத இத்தகைய வண்டி மோதிச் சாலையைக் கடந்த பெண்மணி ஒருவர் இறந்தார். ஓட்டிய இளைஞனுக்கு மறு ஆண்டில் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பிணைந்த சக்கரமே ஒரு பிரேக்காகக் கொள்ளப்பட்டாலும் முன்சக்கரத்துக்குத் தனிப் பிரேக் இருந்தாக வேண்டும் என்பது அந்நாட்டின் 1983ஆம் ஆண்டு விதி.

மாலையில் மக்தப் விட்டதும் சிறார்கள் வலமும் இடமும் பாராமல் தெருவில் பாய்வதை நாள்தோறும் வாசலில் நின்று காண்பவர் நாம். மகனிடம் சொன்னோம்: “கியர் உன் வசதி. அது மிகை எழுத்து, நீ விட்டுக்கொடுக்கலாம். பிரேக் எதிரே வரும் பிள்ளையின் ஹக்கு. அது மூல எழுத்து. அதை விட்டுக்கொடுக்க உனக்கு அதிகாரமில்லை.”

இரண்டு நாள் அவன் நம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் தானே வண்டியைக் கடைக்கு உருட்டிச் சென்றான்.

லுஹருக்கும் அஸருக்கும் இடையே வேலை முடிந்தது. ஏழு பல்சக்கர அடுக்கு இறங்கி, பதினெட்டுப் பல் ஃப்ரீவீல் ஒன்று ஏறிற்று. முன்னே நாற்பத்திரண்டு பல் சக்கரம் மட்டும் நின்றது. அதுவும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடில் செயின் நழுவும். ஆகவே அச்சின் வாஷர்களை இடம் மாற்றி, ஆரக்கம்பிகளை இழுத்து, ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து கோட்டம் எடுத்தார். செயினைக் குறுக்கி, சக்கரத்தைப் பின்தள்ளி இறுக்கினார். இப்போது பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்து மீட்டர் செல்லும். இரண்டு பிரேக்குக்கும் புதுக் கட்டைகள் போட்டார்.

எதிர்காற்று வீசும் நாளில் மகன் சற்றுத் தாமதமாக வீடு திரும்புகிறான். பாலத்தில் பெடல்மீது எழுந்து நின்று மிதிக்கிறான். அந்தச் சுமை அவனுடையது, அதை அவன் விரும்பியே ஏற்றான். எளிமையை நாடும் இளைஞரை இல்லத்தார் தடுக்க வேண்டியதில்லை. அவர்கள் களைவது தமக்குரியதா, பிறர்க்குரியதா என்று மட்டும் ஒருமுறை கேட்டுவிடுவது பெற்றோரின் கடமையன்றோ?