ஆத்தங்குடிக் கல்லும் மகன் அறைத் தரையும்

ஆத்தங்குடியில் கார் நின்றதும் என் மகன் கேட்ட முதல் கேள்வி: "அம்மா, இங்க இன்ஹேலர் தேவைப்படுமா?" ஒன்பது வயது. பட்டறை என்றாலே தூசி இருக்கும் என்று அவனுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான்.

நாங்கள் டொராண்டோவுக்கு வடக்கே மார்க்கமில் இருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்ததும் கனடாதான். தேவகோட்டை என் அப்பாவின் ஊர். இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டு பேஸ்மென்ட்டில் இவனுக்கு ஒரு அறை போட்டோம். லாமினேட் தரை, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில் அலமாரி, புது பெயின்ட். எல்லாம் ஒரே வாரத்தில், ஜன்னலைத் திறக்கவே முடியாத ஜனவரிக் குளிரில். "புது வீட்டு வாசனைதான், நாலு நாளில் போயிடும்" என்றார் வேலையை எடுத்தவர். போகவில்லை. இவனுக்கு முன்பே லேசாக ஆஸ்துமா உண்டு. மார்ச் மாதத்துக்குள் ராத்திரியெல்லாம் இருமல். "அறைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கொஞ்ச நாள் மேலே தூங்க வையுங்கள்" என்றார் டாக்டர். மேலே வந்ததும் இருமல் குறைந்தது. அன்றைக்குச் சாத்திய பேஸ்மென்ட் அறையை நாங்கள் திறக்கவே இல்லை. மாடியில் இருக்கும் சின்ன அறையையே அவனுக்குக் கொடுத்துவிட்டு, அங்கே கிடக்கும் பழைய கார்ப்பெட்டுக்குப் பதில் என்ன போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தோம்.

இந்தக் கோடையில் ஊருக்குக் கிளம்பும்போது என் மனதில் பதில் தயாராக இருந்தது. தாத்தா வீட்டுத் தரை! ஆத்தங்குடிக் கல்லைக் கப்பலில் ஏற்றி மார்க்கமுக்குக் கொண்டுவந்துவிட வேண்டியதுதான். ஃபேஸ்புக்கில் போடப்போகும் படத்தைக்கூட மனதுக்குள் எடுத்துவிட்டேன், பொய் சொல்வானேன்.

பட்டறை ஒரு நீளமான கொட்டகை. இரண்டு பக்கமும் திறந்திருந்தது. பெரியவர் ஒருவர் தரையில் உட்கார்ந்து ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்தார். அதன்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, பூ வடிவத்தில் தடுப்புகள் உள்ள அச்சை உள்ளே இறக்கினார். கரண்டியால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒவ்வொரு கட்டத்திலும் சிமென்ட் கலவையை ஊற்றி, அச்சை மெதுவாக உயர்த்தினார். சாயம் ஒன்றோடொன்று கலக்கவில்லை. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, பிறகு ஈரக் கலவையைப் போட்டு மட்டம் பண்ணினார். அவ்வளவுதான். சூளை கிடையாது, நெருப்பு கிடையாது. காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்துப் பதப்படுத்துகிறார்கள். கண்ணாடி கழன்று வரும்போது அதன் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. பாலிஷ் மெஷின் எதுவும் இல்லை. வீட்டில் போட்டபின் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, நடக்க நடக்கப் பளபளப்பு கூடுமாம்.

என் மகன் இன்ஹேலரை மறந்துவிட்டு இரண்டு கல்லுக்குச் சாயம் ஊற்றினான். ஒன்றில் பச்சை வழிந்து மஞ்சளுக்குள் போய்விட்டது. "பரவால்ல தம்பி, இலை கொஞ்சம் பெருசாயிருச்சு, அம்புட்டுத்தான்" என்றார் பெரியவர்.

நான் கப்பல் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்விக்கு நான் தயாராக இல்லை. "உங்க ஊர்ல வீடெல்லாம் மரச்சட்டத்துல நிக்கும்ல? சினிமாவுல பாத்திருக்கேன். மாடி ரூமுங்கிறீங்க. இந்தக் கனம் தாங்குமாம்மா?" ஒரு கல்லைத் தூக்கி என் கையில் வைத்தார். கை இறங்கியது. "அதோட ஐஸ் பெய்யிற ஊரு. புள்ள வெறுங்கால்ல நடக்குமா? எங்களுக்கு இந்தக் குளிர்ச்சி வேணும். ஒங்களுக்கு எதுக்கு?"

விற்க வேண்டிய மனிதர் இப்படிப் பேசினால் என்ன செய்வது!

மத்தியானம் தேவகோட்டையில் சின்ன அப்பத்தா வீடு. முன்கட்டு முழுக்க அந்தக் காலத்துச் சுவர். சுட்ட சுண்ணாம்பு, மணல், கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு. தொட்டால் பளிங்கு மாதிரி ஜில்லென்றிருக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மையால் அதில் பூஞ்சை லேசில் பிடிக்காது. சுண்ணாம்பைச் சுடும்போது வெளியேறும் கரியமில வாயுவில் ஒரு பகுதியைச் சுவர் இறுகும்போது திரும்ப இழுத்துக்கொள்ளும். இதையெல்லாம் நான் மகனுக்கு விளக்கிக்கொண்டே போனேன்.

பின்கட்டுக்கு வந்ததும் என் வாய் நின்றது. அப்பத்தா பெருமையோடு கதவைத் திறந்தார். "பாரு ஆத்தா, மாடுலர் கிச்சன். ஒங்க ஊரு மாதிரியே போட்டுட்டேன்." அதே வாடை. எங்கள் பேஸ்மென்ட்டில் அடித்த, கண்ணைக் கரிக்கும் அதே வாடை. பக்கத்துப் படுக்கையறையிலும் அதே பலகையில் சுவர் முழுக்க அலமாரி, ஏசி போட்டு இறுக்கச் சாத்திய ஜன்னல். விறகு வைக்கும் தாழ்வாரத்துக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, அதுவும் ஓரம் உடைந்து. கனடா 2018-ல் தடை செய்த பொருள் அது. நாம் மட்டும் என்ன, கனடாவிலும் 1990-க்கு முன் கட்டிய வீடுகளில் பழைய தரை ஓட்டிலும் குழாய் உறையிலும் அது இருக்கலாம். அப்படிப்பட்ட வீடு வாங்கியிருப்பவர்கள் பரிசோதிக்காமல் எதையும் உடைக்காதீர்கள்.

அந்த வாடைக்கு வருகிறேன். மரத்தூள் பலகையையும் பிளைவுட்டையும் ஒட்டும் பல பசைகளில் ஃபார்மால்டிஹைடு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. வெப்பமும் ஈரமும் கூடினால் அது இன்னும் அதிகமாக வெளியே வரும். காரைக்குடிப் பக்கத்து வெயிலையும் மூடிய அறையையும் நினைத்துப் பாருங்கள். அன்று ராத்திரி மகனை அந்த அறையில் படுக்க வைக்கவில்லை. "ஏசி ரூம் அவனுக்காகத்தானே போட்டேன்" என்று அப்பத்தா முகம் வாடிவிட்டது. காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவனுக்கு வளவுல படுக்கணுமாம் அப்பத்தா, வானம் பாக்கணுமாம்" என்றேன். மறுநாள்தான் மெதுவாகச் சொன்னேன், பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று. உடைந்த கூரையைப் பற்றி அப்பாவே போனில் பேசினார்.

திரும்பி வந்து என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். மாடி அறைக்கு மேப்பிள் மரத் தரை. பலகை முழு மரம், பசை இல்லாமல் ஆணி அடித்தது. மேற்பூச்சு ஃபாக்டரியிலேயே காய்ந்து வந்துவிட்டது. லினோலியமும் பார்த்தோம். ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்வது, நல்ல பொருள்தான். ஆனால் அந்த எண்ணெய்க்கே ஒரு மணம் உண்டு, இவன் மூக்கைச் சுளித்தான். பெயின்ட் கடையில் 'ஜீரோ விஓசி' டப்பாவை வாங்கினால் மட்டும் போதாது. கலக்கும் நிறத்திலும் விஓசி இருக்கலாம், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். அலமாரிக்குப் பழைய முழு மரப் பீரோ ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தது. புத்தக அலமாரி மட்டும் புதுப் பலகை. கனடாவில் 2023 ஜனவரியிலிருந்து இந்தப் பலகைகளின் ஃபார்மால்டிஹைடுக்குச் சட்டப்படி வரம்பு உண்டு. லேபிளைப் பார்த்துத்தான் வாங்கினோம். அப்படியும் ஆறு வாரம் கராஜில் திறந்து போட்டுவிட்டுத்தான் உள்ளே எடுத்தோம். வேலை முழுவதும் செப்டம்பரில், ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து. சீசன் பார்த்து வேலை வைப்பதற்குக் காசு செலவே இல்லை, நாங்கள் முதல் தடவை கோட்டை விட்டது அதில்தான்.

இன்ஹேலர் இன்னும் அவன் பையில் இருக்கிறது. போன மாதம் இரண்டு தடவை எடுத்தான், இரண்டும் ஹாக்கி விளையாடியபோது.

ஆத்தங்குடிக் கல் நாலே நாலு பெட்டியில் வந்தது. அதற்கே ஏர்போர்ட்டில் புடவைகளை வெளியே எடுத்து அப்பா பெட்டிக்கு மாற்ற வேண்டியிருந்தது. வாசலில் போடலாம் என்றார் கணவர். குளிர்காலத்தில் பூட்ஸோடு வரும் உப்புக்கு சிமென்ட் கல் அரித்துவிடும் என்று அவரைத் தடுத்தேன். இப்போது சாமி அலமாரிக்குக் கீழே, விளக்கு வைக்கும் இடத்தில் கிடக்கிறது. இலை பெரிதாகிப்போன கல்தான் முன்னால். விளக்கெண்ணெய் சொட்டிச் சொட்டி அது மட்டும் மற்ற மூன்றையும்விடப் பளபளக்கிறது.