பீப்பாய்க்கு வந்த யோகம்

இரும்புப் பீப்பாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போகிறேன் என்று சொன்னதும், "ஏன், கதாநாயகிகளுக்குப் பஞ்சம் வந்துவிட்டதா?" என்று வீட்டில் கேட்டார்கள். பஞ்சம் ஒன்றுமில்லை. சென்ற கோடையில் வேப்பூரில் என் தமக்கை வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தேன். அந்தப் பத்து நாளும் அங்கே நடந்த பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் ஒரு பீப்பாயைச் சுற்றித்தான் நடந்தன. கதாநாயகி என்ற அந்தஸ்து அதற்கு இல்லாமல் வேறு எதற்கு?

சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலை வழியாகப் போகிறவர்களுக்கு வேப்பூர் கூட்டு ரோட்டைத் தெரிந்திருக்கும். விருத்தாசலத்திலிருந்து சேலத்துக்குப் போகிற சாலை அங்கேதான் குறுக்கிடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் ஆட்டுச் சந்தை கூடும். அன்றைக்கு மனிதக் குரலைவிட ஆட்டுக் குரல்தான் ஊரில் அதிகம். மற்ற நாட்களில் லாரிகளின் குரல்.

அந்தக் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்திருந்தான் என் மருமான். துபாயில் ஒரு ஹோட்டல் சமையற்கட்டில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அங்கே கற்றுக்கொண்டு வந்த வித்தைக்கு 'பார்பெக்யூ' என்று பெயர். வாயில் நுழையாத இந்தச் சொல், கரீபியன் தீவுகளின் ஆதிக்குடிகள் இறைச்சியை வாட்டுவதற்குக் கட்டிய குச்சிப் பரணின் பெயராம். ஸ்பானியர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு போனார்கள். தீயில் நேராகக் காட்டாமல், சூட்டையும் புகையையும் மட்டும் மெதுவாகக் காட்டி இறைச்சியைப் பதமாக்குவது இவன் கற்ற வகை. கடைக்குக் கொடுத்த முன்பணத்துக்காகத் தாயாரின் இரண்டு வளையல்கள் வங்கிக்குப் போயிருந்தன. வெளிநாட்டு அடுப்பை விலைக்கு வாங்க மூன்றாவது வளையல் இல்லை. ஆகவே, அடுப்பைத் தானே செய்துகொள்வதென்று தீர்மானித்தான்.

நான் போய் இறங்கிய அன்று, காயலான் கடையிலிருந்து ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி வந்து வாசலில் பளபளவென்று நின்றது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளையில் முப்பது வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை, யோசனை கேட்பதற்காக அழைத்து வந்திருந்தான். அவர் தொட்டியை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"தம்பி, இதுக்குத் துத்தநாகம் பூசியிருக்கு. இதிலே தீ மூட்டாதே."

"ஏன் ஐயா?"

"தண்ணீருக்கு நல்லது. நெருப்புக்கு ஆகாது. பூச்சு உருகிப் புகையும். மூச்சிலே போனா ராத்திரி குளிர் காய்ச்சல் வந்து தூக்கிப் போடும்."

பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும்; இன்னும் சூடு ஏறினால் ஆவியாகும். அந்த ஆவியால் வருகிற காய்ச்சல் வெல்டிங் தொழிலாளிகளுக்குப் பழக்கமானது. தொட்டி அன்று மாலையே பாதி விலைக்குக் காயலான் கடைக்குத் திரும்பியது. "பூச்சு இல்லாத கறுப்பு இரும்புப் பீப்பாய் கிடைத்தால் பார், ஆனால் பெட்ரோல், ரசாயனம் வைத்திருந்ததைத் தொடாதே. உள்ளே மிச்சம் இருக்கிற ஆவியிலே தீப்பொறி பட்டால் வெடிகுண்டுதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் காப்பி குடித்தார்.

அப்படிப்பட்ட பீப்பாய் ஒன்று அந்த வீட்டிலேயே இருந்தது. அதுதான் சங்கடம்.

என் அத்தான் 1968-இல் கிணறு வெட்டி, ஆயில் என்ஜின் வைத்தார். என்ஜினின் சூட்டைத் தணிக்கப் பக்கத்தில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் நின்றது. என்ஜின் ஓடும்போது தண்ணீர் குழாய் வழியாக உள்ளே போய்ச் சூடாகித் திரும்பி வரும். குளிர் காலத்தில் அந்தத் தண்ணீரில்தான் குழந்தைகளுக்குக் குளியல். மின்சார மோட்டார் வந்து என்ஜின் விலைக்குப் போன பிறகும் பீப்பாயை மட்டும் அவர் விற்கவில்லை. அதன் வயிற்றில் வெள்ளை வர்ணத்தால் தம் பெயரின் முதலெழுத்துக்களையும் வருஷத்தையும் தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அத்தான் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

"அதை அறுக்கப் போகிறாயா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள் அக்காள். மருமான் தலையைக் குனிந்துகொண்டான். நான் சமாதானம் பேசப் போனேன். உலகத்தில் பீப்பாய்களுக்கு நேர்ந்த யோகத்தையெல்லாம் எடுத்துச் சொன்னேன். இந்த ஐம்பத்தைந்து காலன் இரும்புப் பீப்பாய்க்கு 1905-இல் காப்புரிமை வாங்கியது நெல்லி பிளை என்ற அம்மாளின் கம்பெனியில் வேலை பார்த்த ஹென்றி வேர்ஹான் என்பவர். அந்த அம்மாள்தான் அதற்கு முன் பத்திரிகைக்காரியாக இருந்து 72 நாளில் உலகத்தைச் சுற்றி வந்தவர். ஜமைக்காவில் தெருவோரமெங்கும் பீப்பாயை இரண்டாகப் பிளந்துதான் கோழி வாட்டுகிறார்கள். ஆப்பிரிக்காவில் கானா நாட்டு மீனவப் பெண்கள் பீப்பாய் அடுப்பில்தான் மீனுக்குப் புகை போட்டு வந்தார்கள். 1970-ஐ ஒட்டித்தான் அவர்களுக்கு அதைவிட நல்ல அடுப்பு ஒன்று அமைந்தது.

அக்காள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "அந்தப் பொம்பளைகளுடைய புருஷன்மார் பீப்பாயிலே பேர் எழுதி வெச்சிருந்தாங்களா, தம்பி?" என்றாள். சொற்பொழிவுக்காக நான் சேர்த்து வைத்திருந்த மிச்ச விஷயங்கள் எனக்கே உபயோகமில்லாமல் போயின.

இரண்டு நாள் அடுப்படியில் பாத்திரச் சத்தம் அதிகமாக இருந்தது. மூன்றாம் நாள் காலை அவளாகவே பீப்பாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ஜின் சூட்டை இத்தனை வருஷம் தாங்கினது, அடுப்புச் சூட்டைத் தாங்காதா? எழுத்து இருக்கிற பக்கத்தை மட்டும் அறுக்காதீங்க" என்றாள்.

பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பீப்பாயைப் படுக்க வைத்து, வயிற்றில் கதவு அளவுக்குக் கோடு போட்டார்கள். முழுவதும் அறுப்பதற்கு முன்பே கீலை வைத்து வெல்டிங் செய்துவிட்டான் பட்டறைக்காரன். இல்லாவிட்டால் அறுத்த துண்டு நெளிந்துகொண்டு மறுபடி பொருந்தாதாம். பக்கவாட்டில் தடித்த தகட்டில் ஒரு தீப்பெட்டி (குச்சி வைக்கிற பெட்டி அல்ல, தீ வைக்கிற பெட்டி). அதற்குள் சூளையில் வைத்துக் கட்டுகிற வெள்ளைச் செங்கல். எதிர்ப்பக்கம் ஒரு புகைக்குழாய். சமைக்கும் முன் உட்புறம் கடலை எண்ணெய் தடவி, வெறும் அடுப்பாக நாலு மணி நேரம் எரிக்க வேண்டும்.

அப்படி எரித்தபோதுதான் அது நடந்தது. வெள்ளை எழுத்துக்கள் முதலில் மஞ்சளாயின, பிறகு பழுப்பாயின, பிறகு பொரிந்து உதிர்ந்தன. அறுக்காமல் காப்பாற்றிய எழுத்தைத் தீ தின்றுவிட்டது. எங்கள் மூவரில் ஒருவருக்கும் இது முன்னமே தோன்றவில்லை. அக்காள் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், உள்ளே போய்விட்டாள். மருமான் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் முதல் கோழி. புகை வீணாகப் போகக் கூடாதென்று குழாயை மூடிவிட்டான். மூன்று மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், கீல் பூசிய தோணியைப் போல் ஒரு பட்சி கிடந்தது. வாயில் வைத்தேன், வேப்பங்காய் தேவலை. பெரியவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வந்து பார்த்துச் சிரித்தார்.

"மேலே மூடினால் சூளையும் கெடும், சோறும் கெடும். குழாய் திறந்தே இருக்கட்டும். கீழே காற்று வருகிற வாயை மட்டும் கூட்டிக் குறை. புகை உள்ளே தங்கக் கூடாது தம்பி. போகிற போக்கிலே தொட்டுவிட்டுப் போகணும்."

காற்றுக்குப் பஞ்சமானால் விறகு முழுசாக எரியாது. வெள்ளையாகக் கனத்த புகை வந்து தாராகப் படியும். நன்றாக எரிகிற சிறு தீயிலிருந்து வருகிற மெல்லிய நீலப் புகைதான் ருசி தருவது. இந்தப் பக்கம் முந்திரித் தோப்பு அதிகம் என்பதால் முந்திரிக் கொட்டை ஓட்டைப் போடலாமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். புகையும் அப்படித்தான் என்று பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் என் யோசனைகள் அன்றோடு நின்றன. காய்ந்த கொய்யாக் கட்டை வந்தது. பீப்பாய்க்குள் 110, 120 டிகிரிக்கு மேல் போகாமல் மூன்று மணி நேரம். இரண்டாவது கோழி பொன்னிறமாக வந்தது. அதைப் பற்றி எழுதினால் பத்திரிகாசிரியர் கோபித்துக்கொள்வார். எலும்பு மட்டும் மிஞ்சியது என்று சொன்னால் போதும்.

நான் ஊருக்குக் கிளம்புகிற நாளில் பெரியவர் மறுபடி வந்தார். மடியிலிருந்து காகிதச் சுருளைப் பிரித்தார். உள்ளே உள்ளங்கையகலப் பீங்கான் வில்லை. வெள்ளையின்மேல் நீல எழுத்தில் அத்தானின் முதலெழுத்துக்கள், கீழே 1968. பழைய தோழர்களின் சூளையில் வைத்துச் சுட்டு வாங்கி வந்தாராம்.

"ஆயிரம் டிகிரிக்கு மேலே பார்த்துவிட்டு வந்த எழுத்தம்மா. இந்த அடுப்பு இதை ஒன்றும் செய்யாது."

மருமான் அதைப் பீப்பாயின் தாங்குகாலில் கம்பி போட்டுக் கட்டினான். அக்காள் வெகுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு" என்றாள். "ஆனா அவருக்கு இவ்வளவு அழகா எழுத வராது. கொம்பைக் கோணலாத்தான் போடுவார்."

பெரியவர் வில்லையை அவிழ்க்கச் சொல்லிக் கையை நீட்டினார். "கொடுங்கம்மா, கோணலாகவே எழுதிக்கொண்டு வருகிறேன்."

அக்காள் கொடுக்கவில்லை.