நாற்றம்

நாற்றம் என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் நறுமணம் என்றும் பொருள் இருந்தது. பிறகு எப்படியோ கெட்டுப் போயிற்று. சொல்லுக்கே இந்தக் கதி என்றால் ஒரு வீடு கெட எத்தனை நாளாகும்?

கொல்லிமலை அடிவாரத்தில், சேந்தமங்கலத்தில் இருக்கிறது எங்கள் வீடு. இந்த வட்டாரத்தாருக்கு வாடை புதிதல்ல. மலையிலிருந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மிஞ்சுகிற திப்பியும் கழிவுநீரும் புளித்தால் காற்றே புளித்துவிடும். வெளியூர் விருந்தாளி மூக்கைப் பிடிக்கும்போதுதான் எங்களுக்கு அது நினைவு வரும். பழகிய வாடையைச் சொல்லாமல் விட்டுவிடுவது மூக்கின் சுபாவம்.

சென்ற கோடை விடுமுறையில் என் மகள் வாசலிலேயே நின்று, "பாட்டி வீடு நாறுது, நான் வரமாட்டேன்" என்றாள். அம்மா சிரித்துக்கொண்டே முறுக்குத் தட்டை வாசலுக்குக் கொண்டுவந்து நீட்டினார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே ஊதுபத்தி, சாம்பிராணி, பினாயில் எல்லாம் வாங்கி வந்தேன். பலன் என்ன? முன்பு ஒரு நாற்றம், இப்போது நான்கு!

பூச்சு வேலைக்கு வந்த கொத்தனார் சிரித்தார். "ஏனுங்க, புண்ணைக் கழுவாம மேல சந்தனம் பூசினா ஆறுமுங்களா? எங்கிருந்து வருதுன்னு பாருங்க."

பார்த்தோம். அப்பா கடைசி இரண்டு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்த அறை. வெடித்த தரையிலும் சுவரடியிலும் சிறுநீரின் உப்பு இறங்கியிருந்தது. மழைக்காலத்து ஈரம் பட்டால் அது மறுபடி உயிர் பெறும்.

1820-களில் பாரிஸில் லாபராக் என்ற மருந்தாளர், குடல் பதனிடும் பட்டறைகளின் துர்நாற்றத்தைக் குளோரின் கரைசலால் போக்கிக் காட்டினார். 1824-ல் மன்னர் பதினெட்டாம் லூயி இறந்தபோது சடலத்தின் வாடையை அடக்கவும் அதுவே உதவிற்று. மன்னர்களுக்கும் விலக்கில்லை! ஆனால் பிளீச்சிங் பவுடர் எங்கள் அறைக்கு ஆகாது. சிறுநீரின் அமோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும்.

ஆகவே முழங்கால் உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தோம். தரையைப் பெயர்த்தோம். நன்றாக உலரவிட்டுப் புதுப்பூச்சுப் பூசி, இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். கட்டிலை வினிகர் கலந்த நீரில் கழுவி வெயிலில் போட்டோம். மூலையில் ஒரு கூடை கரி வைத்தோம். அதன் நுண்துளைகள் வாடையைப் பிடித்துக்கொள்ளும்.

மிஞ்சியது இலவம்பஞ்சு மெத்தை. அதைத் தொடப் போனேன்.

"அது இருக்கட்டும்ப்பா" என்றார்கள் அம்மா.

நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கொல்லைப்புறத்தில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா தனியாகவே மெத்தையை இழுத்துக்கொண்டு போய்ப் போட்டிருந்தார்கள். "குழந்தை உள்ளே வரணுமில்லே?" என்றார்கள், என்னைப் பாராமலே.

தீபாவளிக்கு வந்த மகள் நேரே அந்த அறைக்குள் ஓடிக் கட்டிலில் குதித்தாள். இரவு அவள் தூங்கிய பிறகு அம்மா மெல்லக் கேட்டார்கள்:

"நிஜமாவே இப்போ ஒண்ணும் வரலையா?"

"இல்லையம்மா."

அம்மா வாசற்படியில் சற்று நேரம் நின்றார்கள்.

"ஆமாம், எனக்கும் வரலை" என்றார்கள்.