அப்பாவுக்கு மறதியா, காது கேக்கலையா?

மூளை நல்லா இருக்கணும்னா என்ன செய்யணும்னு யார்கிட்ட கேட்டாலும் ரெண்டு பதில் ரெடியா இருக்கும். ஒண்ணு வல்லாரைக் கீரை, இன்னொண்ணு சுடோகு. ரெண்டு மேலயும் எனக்கு விரோதம் கிடையாது :-) ஆனா மூளைங்கறது மண்டைக்குள்ள தனியா குடித்தனம் பண்ற ஆள் இல்லை. நாம சின்ன வயசுல இருந்து உடம்பை எப்படி வச்சிருக்கோமோ, அந்தக் கணக்கு எல்லாம் அங்கேதான் போய்ச் சேருது.

2024-ல லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. டிமென்ஷியாவுக்கு, அதாவது ஞாபகத்தையும் யோசிக்கிற திறனையும் கொஞ்சம் கொஞ்சமா தின்னுடற நோய்க்கு, மாத்தக்கூடிய காரணங்கள்னு 14 சொல்லியிருக்காங்க. அத்தனையும் சரிபண்ண முடிஞ்சா சுமார் 45 சதவீதம் பேருக்கு வராம தடுக்கலாம், இல்லைன்னா தள்ளிப்போடலாம்னு அவங்க கணக்கு. பட்டியலை வயசுவாரியா பிரிச்சிருக்காங்க:

சின்ன வயசுல: போதுமான படிப்பு இல்லாதது.

நடுவயசுல: காது கேளாமை, கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, பருமன், தலையில அடி, மனச்சோர்வு, உடம்பை அசைக்காம இருக்கறது.

வயசான பிறகு: தனிமை, காத்து மாசு, பார்வைக் குறைவு.

சர்க்கரை, பிபி எல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனா இதுல முதல் இடத்தைப் பிடிச்சிருக்கறது எது தெரியுமா? கெட்ட கொழுப்பும் காது கேளாமையும். ஆளுக்கு 7 சதவீதம். காதுக்கும் மறதிக்கும் என்னய்யா சம்பந்தம்னு நானும்தான் நினைச்சேன். எங்க வீட்டு விஷயமா இல்லாட்டி இவ்வளவு தோண்டிப் படிச்சிருக்க மாட்டேன்.

அப்பாவுக்கு 62 வயசு. சோமனூர் பக்கம் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டினவர். ரெண்டு வருஷமா ஊருக்குப் போறப்பல்லாம் அம்மா ஒரே புலம்பல். "உங்கப்பா முன்ன மாதிரி இல்ல கண்ணு, சொன்னது எதுவும் மனசுல நிக்கறதில்ல." ஒண்ணு கேட்டா வேறொண்ணு பதில் சொல்வார். கல்யாண வீட்டுல ஓரமா உக்காந்து சும்மா சிரிச்சிட்டு இருப்பார். சீட்டாடப் போறதை நிறுத்திட்டார். சித்தப்பா தீர்ப்பே குடுத்துட்டார், "அண்ணனுக்கு மறதி நோய்தான்."

பார்த்த டாக்டர் மறதிக்குப் போறதுக்கு முன்னாடி ஆடியோகிராம் எடுக்கச் சொன்னார். ரெண்டு காதுலயும் உச்ச ஸ்தாயி பக்கம் கோடு சரிஞ்சு கீழே கிடந்தது. அப்புறம் ஞாபகக் கேள்விகளைக் காகிதத்துல எழுதிக் காட்டினாங்க. ஒண்ணே ஒண்ணைத் தவிர எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னார். மறதி நோய்னு சொல்றதுக்கு இப்போ எதுவும் இல்லைன்னுட்டார் டாக்டர்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம்ங்கறது பரவலா சொல்ற வரம்பு. 3 டெசிபல் ஏறினா நேரம் பாதியாகணும். 88-ன்னா 4 மணி, 91-ன்னா 2 மணி, 94-ன்னா ஒரே மணி. தறிப் பட்டறையில 90-க்கு மேல சர்வ சாதாரணம். அப்பாவோட ஷிஃப்ட் 12 மணி நேரம். காதுக்குள்ள சத்தத்தை வாங்கற நுண்மயிர் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 தான். செத்தா திரும்ப முளைக்காது. இருபத்தஞ்சு வயசுல வாங்கின கடன், அறுபதுல வசூலுக்கு வந்திருக்கு.

இதுல முதல்ல போறது உச்ச ஸ்தாயி. ச, க, த, ப மாதிரி மெய்யெழுத்து ஒலிகள் பலதும் அங்கேதான் இருக்கு. உயிரெழுத்துகள் கீழே இருக்கறதால தப்பிச்சிடும். அதாவது உயிர் கேக்கும், மெய் கேக்காது! அதனாலதான் இவங்க "சத்தம் கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல"ன்னு சொல்றாங்க. நாமளோ, வேணும்னே கேக்காத மாதிரி நடிக்கறார்னு முடிவு பண்ணிடறோம்.

நெட்வொர்க்குல பாதி பாக்கெட் தொலைஞ்சு போனா எப்படி இருக்கும்? அந்த நிலைமைதான். காணாமப் போனதை மூளை ஊகிச்சு ஊகிச்சு நிரப்புது. சக்தி எல்லாம் அதுக்கே செலவாயிட்டா, கேட்டதை ஞாபகத்துல பத்திரமா வைக்க என்ன மிச்சம் இருக்கும்? கூடவே, பேச்சு புரியாத சபையை விட்டு மனுஷன் மெல்ல ஒதுங்கிடறான். அங்கே ஆரம்பிக்குது தனிமை. அந்தப் பட்டியல்ல அதுவும் இருக்கே.

மெஷின் வச்சா எல்லாம் சரியாயிடுமா? அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்காவுல 70-லிருந்து 84 வயசுக்குள்ள 977 பேரை மூணு வருஷம் பார்த்த அச்சீவ் ஆய்வு 2023-ல வந்துச்சு. மொத்தமா எடுத்தா பெரிய வித்தியாசம் இல்லை. ஆனா ஏற்கெனவே ஆபத்து அதிகமா இருந்த பிரிவுல, மெஷினும் பயிற்சியும் கிடைச்சவங்களுக்கு மூளைத் திறன் சரியற வேகம் 48 சதவீதம் குறைஞ்சிருந்தது. எனக்கு இது போதும்.

அப்பாவுக்குப் போதலை :-( "செவிட்டு மெஷினை மாட்டிக்கிட்டு ஊருக்குள்ள எப்படிப் போறது"ன்னு ரெண்டு மாசம் சண்டை. கண்ணாடி போடறதுக்கு யாரும் வெக்கப்படறதில்லை, காதுக்கு மட்டும் மானம் போகுது. கடைசியில இப்ப ஒரு மாசம் போட்டுப் பார்க்கறேன்னு ஒத்துக்கிட்டார். முதல் வாரம் தட்டு விழற சத்தத்துக்கே கழட்டி வச்சுட்டார். வருஷக்கணக்கா வராத சத்தம் திடீர்னு வர்றப்ப மூளை பழகிக்க சில வாரங்கள் ஆகுமாம். இப்போ நியூஸ் பார்க்க மட்டும் மாட்டிக்கறார். அம்மா கூப்பிட்டா திரும்பறார். சீட்டாட இன்னும் போகலை. போவாரான்னு பார்க்கணும்.

நம்ம வயசுக்காரங்களுக்கு ஒண்ணு. தறி நம்ம காதுக்குள்ளயே இருக்கு, இயர்ஃபோன்னு பேரு. பஸ் சத்தத்தை அமுக்கறதுக்காக வால்யூமை ஏத்தாதீங்க. வீட்டுல அம்பது தாண்டினவங்க பதிலை மாத்திச் சொன்னா, மறதின்னு பட்டம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஆடியோகிராம் எடுத்துடுங்க. எதிர்ல நின்னு, முகம் பார்த்து, நிதானமா பேசுங்க.

அவங்க ரெண்டாவது தடவை "என்ன?"ன்னு கேட்டா, "ஒண்ணுமில்ல விடுங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க.