லெப்டொப்பில் வைஃபை பெயர் தெரியவில்லையா? ஃபோமட் பண்ண முன் இதைப் பாருங்கள்



எங்கள் ரிவர்ஸ்டன் பக்கத்துப் பாடசாலைகளிலும் இப்போது பாதி வேலை ஒன்லைனில்தான். சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளைகளின் விண்ணப்பத்தைக் கூடப் பாடசாலைதான் ஒன்லைனில் அனுப்ப வேண்டும். காரியாலய லெப்டொப்பில் வைஃபை தெரியாவிட்டால் அந்த வேலை அப்படியே நின்றுவிடும். முடிவுத் திகதி நிற்காது.

எங்களுக்கு அதுதான் நடந்தது. காரியாலயத்துக்குப் புதிய ரவுட்டர் வந்தது. எல்லோருடைய போனிலும் அதன் பெயர் தெரிந்தது. மூன்று லெப்டொப்பில் ஒன்றில் மட்டும் வந்தது, இரண்டில் வரவே இல்லை. விண்ணப்பம் முடிய 4 நாட்கள். டவுனில் ஒரு கடையில் காட்டினோம். "விண்டோஸ் பழுது, ஃபோமட் பண்ண வேணும்" என்றார்கள். பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, பாடங்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. கொடுக்காமல் திரும்பக் கொண்டு வந்துவிட்டோம்.

முதலில் அவசரத்துக்கு வழி: போனைக் கேபிளால் லெப்டொப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் "யூஎஸ்பி டெதரிங்" போடுங்கள். வைஃபை இல்லாமலே இன்டர்நெட் வரும். ரவுட்டர் கிட்ட இருந்தால் நெட்வொர்க் கேபிளும் போதும். எங்கள் விண்ணப்பங்கள் அன்றே இப்படித்தான் போயின. பிறகு நிதானமாகக் காரணம் தேடினோம்.

பாஸ்வேர்ட் பிழை என்று வருவது வேறு, பெயரே தெரியாமல் இருப்பது வேறு. பெயர் தெரியாவிட்டால் லெப்டொப்பை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வேறு வைஃபை பெயர்கள் தெரிகின்றனவா? பக்கத்தில் வேறு வைஃபை இல்லாவிட்டால் ஒரு போனில் ஹொட்ஸ்பொட் போட்டுப் பாருங்கள்.

எதுவுமே தெரியாவிட்டால் லெப்டொப் பக்கம்தான் பிரச்சினை:

1. ஏர்ப்ளேன் மோட் போட்டிருக்கிறதா? மேல் வரிசைக் கீ ஒன்றில் விமானப் படமோ அன்டெனா படமோ இருக்கும். பிள்ளைகள் கை பட்டாலும் வைஃபை நின்றுவிடும். சில பழைய லெப்டொப்களில் பக்கவாட்டில் தனி சுவிட்ச் உண்டு.

2. ஷட்டவுன் பண்ணாமல் ரீஸ்டார்ட் கொடுங்கள். இப்போதைய விண்டோஸில் ஷட்டவுன் பண்ணினாலும் சில விடயங்கள் பழைய நிலையிலேயே இருக்கும். ரீஸ்டார்ட்தான் புதிதாகத் தொடங்கும்.

3. டிவைஸ் மெனேஜரில் "நெட்வொர்க் அடாப்டர்ஸ்" பாருங்கள். கீழ்நோக்கிய அம்புக்குறி இருந்தால் நிறுத்தப்பட்டிருக்கிறது. மஞ்சள் அடையாளம் இருந்தால் பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை. வைஃபை கார்ட் அங்கே இல்லவே இல்லை என்றால் அது கழன்றிருக்கலாம் அல்லது பழுதாகியிருக்கலாம். பழுது என்றால் சிறிய யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று போதும்.

மற்றப் பெயர்கள் தெரிந்து, உங்கள் ரவுட்டர் மட்டும் தெரியாவிட்டால் கார்ட் வேலை செய்கிறது. ரவுட்டருக்கும் அதற்கும் ஒத்துவரவில்லை. எங்கள் இரண்டு லெப்டொப்பிலும் இதுதான். ஆனால் காரணம் வேறு வேறு.

ஒன்று பழைய லெப்டொப். அதன் கார்ட்டுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தார்கள். 2.4ஐயும் போட்டதும் பெயர் வந்துவிட்டது.

மற்றதில் அதற்குப் பிறகும் வரவில்லை. ரவுட்டர் "வைஃபை 6" வகை. சில பழைய கார்ட்டுகளின் பழைய டிரைவர்களுக்கு அந்த வகை ரவுட்டர் கண்ணிலேயே படாது. டெதரிங் போட்டு, லெப்டொப் கம்பனியின் தளத்திலிருந்து புதிய டிரைவரை இறக்கிப் போட்டதும் சரி. ஃபோமட் பண்ணி அதே பழைய டிரைவரைப் போட்டிருந்தால் தரவும் போயிருக்கும், வைஃபையும் வந்திருக்காது.

இன்னும் இரண்டு காரணங்கள். அமெரிக்காவில் 12, 13ஆம் சனல்களைப் பொதுவாகப் பயன்படுத்துவதில்லை. அங்கிருந்து அன்பளிப்பாக வரும் லெப்டொப்களுக்கு அந்தச் சனலில் ஓடும் ரவுட்டர் தெரியாமல் போகலாம். ரவுட்டரை 1, 6, 11 ஆகிய சனல்களில் ஒன்றுக்கு மாற்றுங்கள். அடுத்தது, சில காரியாலயங்களில் பிள்ளைகள் இணையாதிருக்க வைஃபை பெயரை மறைத்து வைப்பார்கள். அப்போது பெயரை எழுத்துப் பிசகாமல் நாமே டைப் பண்ண வேண்டும்.

"மலையுச்சியிலேயே கோபுரம் நிற்கிறதே, உங்களுக்கு வைஃபை இல்லையா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். அது வேறு, இது வேறு. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு பிள்ளைகள் மேடு ஏறித் தேடியது போன் சிக்னல். வைஃபை என்பது காரியாலய ரவுட்டரிலிருந்து சில பத்து மீற்றர் வரும் அலை. பனிமூட்டம் அதை மறைக்காது, பழைய கட்டிடத்தின் தடித்த கற்சுவர் மறைக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் சுவரைத் தாண்ட இன்னும் கஷ்டப்படும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளின் விபரங்களை ஒரு லெப்டொப்பில் மட்டும் வைக்காதீர்கள். பென் டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். தோட்டத்திலும் மிளகு, ஏலக்காய்க் காணிகளிலும் வேலை செய்யும் பெற்றோர் விண்ணப்பம் போனதா என்று வந்து பார்ப்பதில்லை. எங்களை நம்பி இருந்துவிடுகிறார்கள்.

கணினி தெரிந்த எங்கள் ஊர்த் தம்பி, தங்கைமாருக்கும் ஒரு வேண்டுகோள்: மாதம் ஒரு நாள், ஒரு மணித்தியாலம் உங்கள் பக்கத்துப் பாடசாலைக்கு வந்து இவற்றைப் பார்த்துக் கொடுங்கள். வர முடிந்தவர்கள் கீழே பெயரைப் போடுங்கள், அதிபரிடம் கேட்டு நாள் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.