பாலையாவின் இரு தந்தையர்

தீவகத்தைச் சேர்ந்த பழைய மாணவர் நால்வர் ஓரிடத்திற் கூடுவரேல், விடுதிச் சோற்றைப் பற்றிய பேச்சு ஓய்ந்த கையோடு, நாற்பதாண்டாகத் தீராத ஒரு வழக்கு எழுவது வழமை. ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’, ‘ஊட்டி வரை உறவு’ என்னும் இரு படங்களிலும் ரி. எஸ். பாலையா தாங்கிய தந்தை வேடம் ஒன்றா, வேறா என்பதே அவ்வழக்கு. ஊர்காவற்றுறையினராகிய நாம் ‘வேறு’ என்னுங் கட்சியைச் சார்ந்தோம். காரைநகர் அன்பர் ‘ஒன்றே’ என்பர். நெடுந்தீவார் இருவர் அன்றன்று எப்பக்கம் ஆள் குறைவோ அப்பக்கஞ் சேர்வர். மலர்க் குழுவினர் எம்மை விளையாட்டுப் போட்டிகள் பற்றி எழுதுமாறு பணித்தனர். அதனை எழுத எம்மினும் வல்லார் பலர் உளராதலின், நாம் இவ்வழக்கையே எடுத்துக்கொண்டோம்.

‘ஒன்றே’ என்பாருக்குச் சான்று குறைவில்லை. முன்னது 1964ஆம் ஆண்டிலும் பின்னது 1967ஆம் ஆண்டிலும் வெளிவந்தவை. இரண்டும் வண்ணப் படங்கள். இரண்டிலும் பாலையா செல்வந்தர். முத்துராமனும் நாகேசும் இரண்டிலும் உளர். இரண்டிலும் பொய்யுரைத்துக்கொண்டு ஒருவர் வீட்டினுள் நுழைகின்றார். பாலையா அதனை மெய்யென நம்பி அல்லற்படுகின்றார். “அதே முழி, அதே தடுமாற்றம். ஆளின்ரை பேரை மட்டுந்தான் மாத்தினவங்கள்” என்பது காரைநகர் அன்பரின் தீர்ப்பு. விசுவநாதன் என்ற பெயரை வேதாசலம் என்று மாற்றியதைத்தான் அவர் அவ்வாறு குறிப்பிடுகின்றார்.

இவ்வழக்கு எமக்கு ஏன் இத்துணை பெரிதாயிற்று என்பதை வெளியூர் அன்பர்கள் அறியார். தீவகத்துப் பிள்ளைகளுக்குத் தந்தை என்பவர் ஆண்டில் இருமுறை வரும் விருந்தினர். புங்குடுதீவு, வேலணை, காரைநகர், நயினாதீவு எனப் பல ஊர்களிலிருந்தும் ஆடவர் கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் சென்று கடை வைத்தனர். தைப்பொங்கலுக்கோ கோயிற் கொடியேற்றத்துக்கோ பிஸ்கற் தகரத்துடனும் சவர்க்காரப் பெட்டியுடனும் வந்திறங்குவர். பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையிற் கையொப்பமிடுவர். பிள்ளைகள் அவர்தம் குரலுக்குப் பழகுமுன்னரே மீண்டும் வண்டியேறுவர். ஆகவே தந்தையர் வீட்டில் எவ்வாறு இருப்பர், எதற்குச் சிரிப்பர், எதற்கு அஞ்சுவர் என்பவற்றை நாம் படம் பார்த்தே ஒருவாறு கற்றோம். வி. நாகையா கண்ணீர் உகுத்தார், எஸ். வி. ரங்கராவ் ‘படிக்காத மேதை’யில் (1960) வீடு முழுவதையும் நிறைத்து நின்றார். இருவரும் எட்டாத உயரத்தினர். பாலையா ஒருவரே அடுத்த வீட்டு முற்றத்திற் காணத்தக்கவராக இருந்தார்.

1983 ஆடிக் கலவரம் அவ்விருந்தினரை ஒரே நாளில் வீட்டுக்காரராக்கியது. கடைகள் எரிந்தன. உயிர் தப்பியோர் பலர் கப்பல்களிற் காங்கேசன்துறை வந்திறங்கினர். எம் தந்தையாரும் அவ்வாறே வந்தார். அண்டை வீட்டுச் சிங்களக் குடும்பம் ஒன்று தம்மைப் பல நாள் உள்ளறையில் ஒளித்துவைத்துக் காத்ததென்று ஒருமுறை கூறினார், அதற்குமேற் கூறிற்றிலர்.

வாடகைக்குத் தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் எடுத்து, மின்பிறப்பாக்கி வைத்து, விடிய விடிய மூன்று படம் போடும் வழக்கம் அக்காலத்தில் ஊர்தோறும் பரவியிருந்தது. நெடுந்தீவுக்கு அப்பெட்டியைச் சாக்கிற் சுற்றி, கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக் கடல்கடந்து கொண்டுசெல்வர். மாவிலித்துறையில் இறக்கும்போது கூடிநிற்போர் அடக்கும் மூச்சு, சுவாமி எழுந்தருளும்போதுகூட அடக்கப்பட்டதில்லை. எம்மூரில் 1984ஆம் ஆண்டு ஓரிரவு இவ்விரு படங்களும் அடுத்தடுத்துப் போடப்பட்டன. பெண்டிரும் பிள்ளைகளும் முன்னே பாயில் அமர்ந்தனர். தெற்கிலிருந்து மீண்ட ஆடவர் பின்னே வேலியோரமாக நின்றனர்.

முதற் படத்தில் நாகேஷ் தாம் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைத் தந்தைக்குச் சொல்லும் இடம் யாவரும் அறிந்ததே. பேச்சும் ஒலியும் எல்லாம் நாகேசுடையவை. பாலையாவோ பெரும்பாலும் வாளா அமர்ந்திருக்கின்றார். கண்களும் உதடும் மாத்திரமே தொழில் செய்கின்றன. எனினும் கூட்டம் பார்ப்பது பாலையாவையே. அவ்விடத்தில் வேலியோரமிருந்து ஒரு பெருஞ்சிரிப்பு எழுந்தது. திரும்பிப் பார்த்தோம்; எம் தந்தையார். அவர் அவ்வாறு சிரித்து நாம் அதற்குமுன் கண்டிலோம். கதவோசைக்கும் திடுக்கிட்டுக்கொண்டிருந்த மனிதர், அஞ்சி நடுங்கும் இன்னொரு தந்தையைப் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தார்.

இரண்டாம் படத்தில் அச்சிரிப்பு இல்லை. வேதாசலம் தம் பழைய உறவொன்றையும் அதன்வழி வந்த மகளையும் இல்லத்தார் அறியாது மறைத்து வாழ்பவர். அம்மகள் தானே என்று ஒரு பெண் பொய்கூறி வருகின்றாள். பாலையா விழிக்கும்போது பிள்ளைகளாகிய நாம் சிரித்தோம். பாயிலிருந்த பெண்டிர் பலர் சிரிக்கவில்லை. “கடை வைச்சவையளுக்கு உது விளங்கும்” என்று சொல்லி எம் அம்மம்மா வெற்றிலையை மடித்தார். வேலியோரத்தில் ஒருவர் மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் போதுமோ எனப் பார்க்கச் சென்றார். அவருக்குத் துணையாக வேறிருவர் சென்றனர். தெற்கே இன்னாருக்கு இன்னோர் அடுப்பு எரிகின்றதென்னும் பேச்சு அந்நாளில் எல்லா ஊரிலும் உண்டு. சில மெய், பல பொய், இரண்டையும் சுமந்தவர் மனைவியரே.

வழக்கு அடுத்த வாரம் விடுதிக்கு வந்தது. இரவுப் படிப்பு மணி ஓய்ந்தபின், மாடத்தில் ஏழெட்டுப் பேர் கூடி வாதித்தோம். எம் கட்சிக்கு நாம் காட்டிய சான்று இது. முதற் படத்து விசுவநாதனைச் சூழ உள்ள யாவரும் உண்மையை அறிவர். அவர் ஒருவரே அறியார். முதியவராக வேடமிட்டு வந்த பொய்த் தந்தையின்முன் அம்மெய்த் தந்தை குழைந்து நின்று, ‘மகன்’ என்னுஞ் சொல்லுக்கே மரியாதை விகுதி சேர்த்து வினவுகின்றார். பணத்தின்மேலுள்ள பணிவு அது. இரண்டாம் படத்து வேதாசலமோ, ஏனையோர் அறியாததைத் தாம் அறிந்தவர். முன்னவர் ஏமாறுகின்றார்; பின்னவர் ஏமாற்றுகின்றார்; ஏமாற்றும் அந்நேரத்திலேயே ஏமாறவும் செய்கின்றார். விழி ஒன்றாயினும் விழிப்பதன் காரணம் வேறு.

இதற்கு அவரது பழந்தொழிலே துணைபுரிந்தது என்பது எம் எண்ணம். 1914இற் பிறந்த பாலையா, 1936இல் வெளிவந்த ‘சதிலீலாவதி’ தொடங்கி நெடுங்காலம் வஞ்சகர் வேடங்களால் அறியப்பட்டவர். உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவது அவருக்குக் கைவந்த கலை. ஸ்ரீதர் அவ்வஞ்சகரை முதலில் வஞ்சிக்கப்படுபவராக்கி நகைக்க வைத்தார். பின்னர், மறைக்கத் தெரிந்த அந்தப் பழைய முகத்தைக் குடும்பத்தின் நடுவே அமர்த்தினார். நம்மவர் இதனைப் பேசாது நாகேசின் ஒலிகளையே பாவனைசெய்து காலங்கழிப்பது எமக்கு வருத்தமே. அதே 1967இற் பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ படத்திலும் பாலையா தந்தையாக வருகின்றார். அங்கே அவர் வீட்டில் நடப்பதெல்லாம் கண்டு பிள்ளைகளையும் மருமக்களையும் திருத்துபவர். ஒரே ஆண்டில் மறைப்பவரும் அவரே, மறைவைக் காண்பவரும் அவரே. காரைநகர் அன்பர் இதற்கு மட்டும் இன்றுவரை விடை கூறினாரில்லை.

அவ்விரவு மாடத்தில் நயினாதீவுத் தோழர் ஒருவரும் இருந்தார். அவர் தந்தையார் தெற்கே சென்று, கலவரத்துக்குப் பல்லாண்டு முன்னரே கடிதமும் நின்றுபோனவர். வாதம் முற்றி நாம் வேதாசலத்தைக் கள்வன் என்றும் கபடன் என்றும் ஏசிக்கொண்டிருக்க, அதுகாறும் வாய்திறவாத அத்தோழர், “அந்த மனுசன் பயப்பிடுறாரடா. பிள்ளையளுக்குப் பயப்பிடுற தகப்பன் வீட்டை விட்டுப் போகான்” என்றார். எவரும் மறுமொழி கூறவில்லை. விளக்கணைக்குமாறு விடுதி மேற்பார்வையாளர் குரல்கொடுத்தது எமக்கு உதவியாயிற்று. பேய்க்கும் பணத்துக்கும் அஞ்சும் தந்தை ஒருவர். பிள்ளைகளின் கண்ணுக்கு அஞ்சும் தந்தை மற்றொருவர். இரண்டும் வேறென்னும் எம் கட்சி அன்றுதான் உறுதிப்பட்டது. தமக்கு இல்லாதுபோன தந்தையை வைத்து அதனை நிறுவியவர் அவர். எம் பெயரால் அவ்வாதம் வழங்குவது முறையன்று.

1990ஆம் ஆண்டின் பின்னர் எம் தீவுகள் வெறுமையாயின. வழக்காளிகள் கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சிதறினர். வழக்கும் உடன் சென்றது. எம் தந்தையார் முதுமையில் முதற் படத்தைப் பன்முறை பார்த்தார். பேய்க்கதை வருமிடத்தில் எம்மைக் கூப்பிட்டு அருகில் இருத்துவார். இரண்டாவது படம் போட்டாலும் எழுந்து செல்லாமல் இறுதிவரை இருப்பார். அன்றிரவு எண்ணெய் பார்க்கச் சென்ற மூவரில் அவரும் ஒருவரோ என்பது இருளில் எமக்குத் தெரியவில்லை, நாம் கேட்டதுமில்லை.

இவ்யூபிலி விருந்தன்று வழக்கு மீண்டும் எடுக்கப்படுமென அறிகின்றோம். காரைநகர் அன்பர் தொரன்ரோவிலிருந்து மூவரைத் திரட்டி வருகின்றாராம். நயினாதீவுத் தோழர் வருவதாக எழுதியுள்ளார். நெடுந்தீவார் இருவரும் இம்முறை எப்பக்கம் என்பது விருந்து மேசையில் ஆட்களை எண்ணிய பின்னரே தெரியவரும்.